பால் பல்லுக்கு ஒரு முழம் நூல்

"விழப்போகிற பல்தானே!" என்று பால் பற்களைப் பற்றி அலட்சியமாகச் சொல்வதுண்டு. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை வாயில் இருந்தாக வேண்டியவை. அவற்றின் எனாமலோ நிலைப் பற்களுடையதைவிட மெல்லியது. ஒட்டி நிற்கும் அப்பற்களின் இடுக்கில் பிஸ்கட் துணுக்கு தங்கினால், பாக்டீரியாக்கள் அதிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கி எனாமலைக் கரைக்கின்றன. பிரஷ் அங்கே நுழையாது; வேப்பங்குச்சியும் நுழையாது. அதற்கென்றே உள்ளது 'ஃப்ளாஸ்' என்னும் பல்லிடை நூல். 1819-லேயே நியூ ஆர்லியன்ஸ் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி மெழுகிட்ட பட்டு நூலைப் பரிந்துரைத்தார்.

நூலை யார் பிடிப்பது என்பதுதான் கேள்வி. 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பைப் பாருங்கள். பள்ளி நாள்தோறும் பயிற்சி பெற்றவர்கள் குழந்தைகளுக்கு நூலிட்டுத் துடைத்தபோது, ஏறக்குறைய ஒன்றேமுக்கால் ஆண்டில் சொத்தை வாய்ப்பு 40 சதவீதம் குறைந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ததில் பலனில்லை. உங்கள் வயதை ஒட்டிய பிள்ளைகள் தாமே செய்துகொண்டபோதும் பலன் தெரியவில்லை! சோம்பலா, பழகாத கையா? இரண்டும்தான் என்பது என் ஊகம். ஆகவே ஆண்டுக்கொரு முகாம் வைத்து நூல் சுருளைக் கொடுத்தனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. தினமும் வரும், பழகிய கை ஒன்று வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தக் கை யாருடையது? அப்பா அம்மா இரவு ஷிப்டுக்குப் போகும் வீட்டில் தம்பி தங்கையைத் தூங்க வைப்பது அக்காவோ அண்ணனோதான். அதாவது நீங்கள். உங்கள் வாயில் உங்களுக்குத் தெரியாத இடுக்கு, தங்கையின் வாயில் விளக்கொளியில் நன்றாகத் தெரியுமே!

பல் மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஒரு முழம் நூலை இரு நடுவிரல்களிலும் சுற்றி, தங்கையின் தலையை மடியில் சாய்த்து, மெல்ல இடுக்கில் இறக்குங்கள். ரம்பம்போல் இழுக்காமல், பல்லை அணைத்தாற்போல் வளைத்து மேலும் கீழும் துடைக்க வேண்டும். தொடக்கத்தில் கடைவாயின் நான்கு இடுக்குகள் போதும். ஊக்கும் துடைப்பக் குச்சியும் வேண்டவே வேண்டாம். பாய் விரித்ததும் நூல், பிறகுதான் கதை என்று வைத்துக்கொண்டால், கதைக்காகவாவது அவளே நூலை எடுத்து வருவாள். முதல் சில நாள் ஈறில் லேசாக இரத்தம் கசியலாம். ஒரு வாரம் கடந்தும் நிற்கவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.