அட்வான்ஸ் போனால் போனதுதானா?

வீடோ மனையோ வாங்க அக்ரிமென்ட் போட்டு, முன்பணமும் கொடுத்துவிட்டு, கெடுவுக்குள் மீதிப் பணத்தைப் புரட்ட முடியாமல் தவிக்கிறவரிடம் ஊரே ஒரே பேச்சைத்தான் பேசுகிறது: “அட்வான்ஸ் போனால் போனதுதான்.” புரோக்கர் சொல்கிறார், பத்திரம் எழுதுபவர் சொல்கிறார், வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். அக்ரிமென்டிலேயே எழுதியிருக்கிறதே, கையெழுத்தும் போட்டாயிற்றே என்று பணத்தைப் பறிகொடுத்தவரும் தலையைக் குனிந்துகொள்கிறார். நகையை விற்றுக் கொடுத்த பணமாக இருக்கும், வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த பணமாக இருக்கும். ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பாமல் அதைக் கைகழுவிவிடுகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதில் இதற்கு இடமில்லை.

ஒப்பந்தத்தை மீறியவரைத் தண்டிப்பது அந்தச் சட்டத்தின் வேலையே அல்ல. மீறியதால் எதிராளிக்கு வந்த நஷ்டத்தை ஈடுசெய்வதுதான் அதன் வேலை. மீறலால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இருவருக்கும் தெரிந்திருந்த நஷ்டத்துக்கும் ஈடு உண்டு, சுற்றிவளைத்து வருகிற நஷ்டத்துக்கு இல்லை என்கிறது 73-ஆம் பிரிவு. நஷ்டத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருந்ததா என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 74-ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது. மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். அந்தத் தொகை முன்கூட்டிப் போட்ட கணக்கா, மிரட்டுவதற்கு எழுதிய அபராதமா என்று பிரித்துப் பார்த்து ஆங்கிலேய நீதிமன்றங்கள் நெடுங்காலம் வாதாடின. நம் சட்டம் இரண்டுக்கும் ஒரே விதியை வைத்தது.

இதைக் காகிதச் சட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் 1963-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஃபதே சந்த் வழக்கைப் பார்க்க வேண்டும். டெல்லியில் ஒரு பங்களா, விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் முதலில் 1,000 கொடுத்தார், பங்களா கைக்கு வந்தபோது 24,000 கொடுத்தார். கிரயம் நடக்கவில்லை. மொத்தம் 25,000 ரூபாயும் தனக்கே என்றார் விற்பவர். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நீதிமன்றம் அவருக்கு அந்த 1,000 ரூபாயை மட்டும் விட்டது. சொத்தின் விலை இறங்கியதாகவோ வேறு நஷ்டம் வந்ததாகவோ அவர் காட்டவில்லை, ஆகவே 24,000 அவருக்கு இல்லை. ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் பணத்தைத் திருப்பித் தராமல் எடுத்துக்கொள்வதும் 74-ஆம் பிரிவுக்குள்தான் வரும் என்றும் தெளிவாகச் சொன்னது.

2015-இல் வந்த கைலாஷ்நாத் தீர்ப்பு இதைவிட முக்கியமானது, ஏனென்றால் அங்கே எதிரில் நின்றது ஓர் அரசு அமைப்பு. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-இல் விட்ட ஏலத்தில் ஒரு மனை 3.12 கோடிக்குப் போனது. ஏலம் எடுத்த நிறுவனம் 78 லட்சம் கட்டியது. மீதி வரவில்லை என்று ஆணையம் அந்த 78 லட்சத்தைப் பறிமுதல் செய்தது. அதே மனையை 1994-இல் மறுபடி ஏலம் விட்டு 11.78 கோடிக்கு விற்றது. மூன்று மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றவருக்கு எந்த நஷ்டத்துக்காக 78 லட்சம்? திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டது உச்ச நீதிமன்றம். நஷ்டமே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை.

முன்பணம் ஒருபோதும் போகாது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் சதீஷ் பத்ரா வழக்கில், 70 லட்ச ரூபாய் விலைக்குக் கொடுத்த 7 லட்சத்தை விற்பவர் வைத்துக்கொண்டதை அதே நீதிமன்றம் ஏற்றது. வாக்குத் தவறமாட்டேன் என்பதற்குப் பிணையாக, விலைக்கு ஏற்ற அளவில் கொடுத்த தொகை, தவறினால் போகும் என்று தெளிவாக எழுதியும் இருந்தால், போகலாம். ஆனால் நம் ஊர் அக்ரிமென்டுகளில் நடப்பதைப் பாருங்கள். கையெழுத்தன்று இரண்டு லட்சம், அடுத்த மாதம் மூன்று, விற்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கென்று இன்னும் ஐந்து, எல்லாவற்றையும் அக்ரிமென்டின் பின்பக்கம் வரவு எழுதிக்கொள்கிறார்கள். பின்னால் வந்த தொகைகள் பிணை அல்ல, விலையின் பகுதி. மொத்தத்துக்கும் அட்வான்ஸ் என்று பெயர் வைத்து விழுங்க உரிமை கிடையாது.

“அப்படியானால் விற்கிறவன் இளிச்சவாயனா? கெடு முடியும்வரை வேறு யாருக்கும் விற்காமல் காத்திருந்தானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர் தன் நஷ்டத்தைச் சொல்லட்டும்: விலை இறங்கியதா, குறைந்த விலைக்கு விற்க நேர்ந்ததா, இந்தப் பணத்தை நம்பி வேறு கடனுக்கு வட்டி கட்டினாரா? அத்தனைக்கும் வழி இருக்கிறது. தூங்குகிற வாங்குபவரை நீதிமன்றம் தாங்கிப் பிடிப்பதும் இல்லை. மதுரை வீடு ஒன்றுக்கு 1978-இல் 60,000 ரூபாய் பேசி, 5,000 கொடுத்து, ஆறு மாதக் கெடுவையும் தாண்டி இரண்டரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்தவருக்குக் கிரயம் செய்து தர உத்தரவிட முடியாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்பவர் பாதுகாப்பற்றவர் என்ற பேச்சில் உண்மையில்லை. கூடிய விலையும் வேண்டும், அடுத்தவர் பணமும் வேண்டும் என்பதைத்தான் சட்டம் தடுக்கிறது.

விற்பவர் பின்வாங்கினால் அட்வான்ஸை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்பதும் இதே நம்பிக்கையின் மறுபக்கம்தான். அந்த இரட்டிப்பும் உச்சவரம்புதான். வேலையில் சேரும் பிள்ளைகளிடம் எழுதி வாங்கும் பாண்டும் அப்படியே. பாண்டை மீறினால் நிறுவனம் நியாயமான ஈடு கேட்டு வழக்குப் போடலாம், பயிற்சிக்கு உண்மையில் செலவழித்திருந்தால் ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் விருப்பமில்லாதவரை வேலை செய்யச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது.

பயந்து பேசாமல் இருப்பதில் இன்னொரு கேடும் உண்டு. இத்தகைய வழக்குகளுக்குக் காலக்கெடு மூன்று ஆண்டு. போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இருக்கும்போதே அது ஓடிவிடும். கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போடுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரயம் கிடைக்காவிட்டால் முன்பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்று வழக்கு மனுவிலேயே தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்கிறது குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கேட்க மறந்திருந்தால், வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் மனுவைத் திருத்திச் சேர்க்க அதே பிரிவு இடம் தருகிறது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது அக்ரிமென்டின் பின்பக்க வரவுகளையும் நகலெடுத்துக்கொண்டு போங்கள்.