ராக்கிக்குப் போட்ட பின்

என் பேத்திக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் போவதில்லை. உடனே "ஐயோ பாவம், உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிடாதீர்கள். வாக்கிங் வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டிலேயே படிக்கிறாள். 'ஹோம் ஸ்கூலிங்' என்கிறார்கள் என் மகளும் மாப்பிள்ளையும். எங்கள் காலத்தில் இதற்கு மட்டம் போடுவது என்று பெயர்.

யு.கே.ஜி.யில் பக்கத்துப் பையனை மிஸ் திட்டினால் இவள் அழுவாள். திட்டு வாங்கியவன் அழமாட்டான். அவன் பாட்டுக்கு ரப்பரைக் கடித்துக்கொண்டிருப்பான். இவளுக்கு சாயந்திரம் ஜுரம் வந்துவிடும். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மாப்பிள்ளை டி.சி.யோடு வந்து நின்றார்.

"சட்டம் என்ன சொல்லுது மாப்பிள்ளை?" என்றேன். 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் வீட்டுப் படிப்பைப் பற்றி வெளிப்படையாக ஒன்றும் சொல்லவில்லை என்றும், 14 வயதானால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாவது எழுதலாம் என்றும் விளக்கினார். பிறகு வேலையைப் பிரித்தார்கள். கணக்கு மாப்பிள்ளைக்கு. அறிவியல் மகளுக்கு. தமிழும் கதையும், வீட்டில் சும்மா இருக்கிற தாத்தாவுக்கு.

நான் 33 வருஷம் ஆடிட்டில் இருந்தவன். கதைக்கும் எனக்கும் இருந்த ஒரே சம்பந்தம், மற்றவர்கள் போட்ட டி.ஏ. பில்களைப் படித்ததுதான்.

முதல் நாள், அபாயம் இல்லாத கதையாக இருக்கட்டும் என்று காக்கா வடையில் ஆரம்பித்தேன். காக்கா தூக்கியது, நரி பாடச் சொன்னது, வடை விழுந்தது, சுபம். நிமிர்ந்து பார்த்தால் குழந்தைக்குக் கண் கலங்கியிருக்கிறது.

"பாட்டிக்கு அந்த வடைக் காசை யார் குடுப்பாங்க தாத்தா?"

திகைத்துப் போனேன். நியாயமான கேள்வி ஸார்! காக்காவைப் பற்றிப் பேசுகிறோம், நரியைப் பற்றிப் பேசுகிறோம். நஷ்டப்பட்ட பார்ட்டியைப் பற்றி இத்தனை காலமாக ஒருத்தரும் கேட்டதில்லை. ஆடிட்டில் இருந்த நானே கேட்டதில்லை.

"பாட்டிக்கு வேற யாரும் இல்லையா? ஏன் தனியா மரத்தடியில உக்காந்திருக்காங்க?"

நரி மனம் திருந்தி வடையைத் திருப்பிக் கொடுத்து, பாட்டிக்கு விறகும் பொறுக்கிப் போட்டதாகக் கணக்கை நேர் செய்து முடித்தேன்.

அடுத்தது பஞ்சதந்திரம். வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போய்ப் பாறையில் வைத்துத் தின்றதே, அந்தக் கொக்கு. அன்று ராத்திரி வீட்டில் மீன் குழம்பு. அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். அவள் சாப்பிடாததால் மகள் சாப்பிடவில்லை. மகள் சாப்பிடாததால் மாப்பிள்ளைக்கும் தைரியம் வரவில்லை. நாலு பேர் பங்கையும் நான் ஒருத்தனே சாப்பிட்டேன். அதற்கப்புறம் மாசக்கணக்கில் வீட்டில் மீன் கிடையாது.

மனுநீதிச் சோழன் கதையில் கன்றுக்குட்டி தேர்ச்சக்கரத்தில் மாட்டியதுமே எழுந்து மேஜைக்கு அடியில் போய்விட்டாள். "கடைசியில எல்லாரும் பொழைச்சுக்குவாங்கடி கண்ணு!" என்று குனிந்து கத்தினேன். யார் கேட்பது?

"இப்படியே வளர்ந்தா நாளைக்கு உலகத்தை எப்படிம்மா சமாளிப்பா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் ஒரு புத்தகத்தை என் கையில் திணித்தாள். எலைன் ஆரன் என்று ஒரு அமெரிக்க உளவியல் அம்மணி, 2002-ல் இந்த மாதிரிக் குழந்தைகளுக்காகவே எழுதியிருக்கிறார். இது வியாதி இல்லையாம், பிறவிச் சுபாவமாம். நூறு பேரில் 15 முதல் 20 பேர் இப்படித்தானாம். அப்படியானால் என் ஆபீஸில் ஒருத்தராவது இருந்திருக்க வேண்டுமே என்று யோசித்தேன். ஒருவேளை எல்லாரும் ரப்பரைக் கடித்துச் சமாளித்திருப்பார்கள்.

சரி, ஏற்றுக்கொண்ட வேலையை ஒழுங்காகச் செய்வோம் என்று புத்தக வேட்டையில் இறங்கினேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் போய் உட்கார்ந்தேன். அந்தக் குட்டி நாற்காலியில் உட்காருவது சுலபம், எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். பிரதம் புக்ஸ்காரர்கள் 'ஸ்டோரிவீவர்' என்று கம்ப்யூட்டரில் இலவசமாகவே தமிழ்ப் படக்கதைகளை, வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நாலு படியாகப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது சொல்வது வார்த்தையின் கஷ்டத்தைத்தான். மனசின் கஷ்டத்துக்கு யாரும் படி போடவில்லை.

சிக்கலே அங்கேதான். வீட்டில் படிக்கிற குழந்தை வாசிப்பில் ஓடிவிடுகிறது. இவளுக்குப் படிக்கிற வயசு பத்து, தாங்குகிற வயசு ஐந்து. பத்து வயசுப் புத்தகங்களில் எவனாவது ஒருத்தன் போய்ச் சேராமல் இருப்பதில்லை. இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் ஓநாய் வந்தால் நாற்பது பிள்ளைகள் சேர்ந்து 'ஊ...' என்று கத்திச் சிரித்து அதன் மானத்தை வாங்கிவிடும். இவள் ஓநாயைத் தனியாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

அனுபவத்தில் சில விஷயங்கள் பிடிபட்டன. கடைசிப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும். படங்களைத் தனியாக ஒரு தரம் புரட்ட வேண்டும், எழுத்தை விடப் படம்தான் ராத்திரியில் திரும்பி வருகிறது. அட்டையில் நாய் இருந்தால் உஷார். கதையில் வருகிற நாய்களுக்கு ஆயுசு கெட்டி இல்லை.

நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு ஸ்டால் பையனிடம், "யாருமே சாகாத புஸ்தகம் ஏதாவது இருக்கா தம்பி?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, "சமையல் புக் இருக்கு ஸார்" என்றான்.

"அதுல கோழி சாகுமேப்பா."

இதில் எனக்குப் புரியாத ஒரு விஷயமும் இருந்தது. மகள் வாங்கிக் கொடுத்த பூச்சிகள் புத்தகத்தில், சிலந்தி ஒரு ஈயைக் கட்டிப்போட்டுச் சாப்பிடுகிற படம் பக்கம் முழுக்க இருக்கிறது. நான் பதறிப்போய்ப் பிடுங்கப் போனேன். அவள் நிதானமாக, "அதுக்குப் பசி தாத்தா" என்று பக்கத்தைத் திருப்பினாள். சாவு இவளைப் பயமுறுத்தவில்லையோ, மீன்கள் நம்பிப் போனதுதான் தாங்கவில்லையோ என்று அப்போதே ஒரு பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'டோட்டோ-சான்' கிடைத்தது. ஜப்பானிய டி.வி. நடிகை டெட்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் வெளிவந்தது. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கிறது. முதல் பள்ளிக்கூடத்தில் இருந்து வெளியே அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேர்கிறாள். நம்ம வீட்டுக்கென்றே எழுதினது மாதிரி இல்லையா?

ஆடிட் புத்தியோடு ராத்திரி முழுக்கப் படித்தேன். மூன்று இடங்களில் ஆட்சேபணை. அவள் வளர்க்கிற ராக்கி என்கிற நாய் ஒரு கட்டத்தில் இல்லாமல் போகிறது. (நாய்! சொன்னேனே!) போலியோ பாதித்த சிநேகிதன் இறந்துபோகிறான். கடைசியில் குண்டு வீச்சில் பள்ளிக்கூடமே எரிந்துவிடுகிறது. ஸ்டேப்ளரை எடுத்து, இடத்துக்கு நாலு வீதம் 12 பின் அடித்து மூடினேன்.

மூன்று நாள் வீட்டில் திருவிழாதான். பால்கனி ரயில் பெட்டி ஆயிற்று. நான் டி.டி.ஆர். அந்தப் பள்ளியில் மதியச் சாப்பாட்டில் கடலில் இருந்து வந்தது ஒன்றும் நிலத்தில் விளைந்தது ஒன்றும் இருக்கணுமாம். கடலுக்கு என்ன செய்வது என்று அவளே யோசித்து, "மீன் குழம்பு வைங்கம்மா" என்றாள். ஜப்பானியர்கள் நன்றாக இருக்கட்டும் என்று மனசார வாழ்த்தினேன்.

நாலாம் நாள் மத்தியானம் தூங்கி எழுந்து வருகிறேன். மேஜை மேல் 12 பின்னும் வரிசையாக அடுக்கியிருக்கிறது. பக்கத்தில் என் நகவெட்டி. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூக்கு சிவந்திருந்தது. ஆனால் மேஜைக்கு அடியில் போகவில்லை.

"நீங்கதான் பின் அடிச்சீங்களா தாத்தா?"

"ஆமாண்டா."

"உங்களுக்குப் பயமா இருந்துச்சா?"

"உனக்கு வருத்தமா இருக்குமேன்னு..."

"பாட்டிக்கும் இப்படித்தான் பின் அடிச்சீங்க" என்றாள். "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்க. நான் ஜன்னல்லயே பாத்துட்டு இருந்தேன்."

என் மனைவி போய் அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னாலேயே குழந்தையை மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். திரும்பி வந்ததும் என்ன சொல்வது என்று எல்லாரும் முழித்தபோது, ஊருக்குப் போயிருக்கிறாள் என்ற யோசனையைச் சொன்னவன் நான்தான். அப்புறம் யாரும் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தோம்.

அது ஜூலை மாதம். யு.கே.ஜி.யில் ஜுரம் வர ஆரம்பித்தது ஆகஸ்ட். 33 வருஷம் தேதிகளை ஒட்டிப் பார்த்தே சம்பளம் வாங்கினவன், இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. அவள் சுபாவமே அப்படித்தான். இருந்தாலும் பார்த்திருக்கலாம்.

"என்ன ஆச்சுன்னு இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முதல் நாள் நெஞ்சு வலித்ததில் இருந்து, வார்டில் எந்தக் கட்டில், டாக்டர் என்ன சொன்னார், பாட்டி கடைசியாக என்ன கேட்டாள் (ஒரு வாய் காப்பி. கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள்) எல்லாம். அவள் அழுதாள். நான் அதற்கு மேல். அடுப்படியில் இருந்து வந்த மகள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பாலும் பொங்கி வழிந்தது.

அன்று ராத்திரி ஜுரம் வருமோ என்று நாங்கள் மாறி மாறி நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம். வரவில்லை.

மறுநாள் காலை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மெல்லிய படப் புத்தகத்தைக் கொண்டுவந்து பேப்பருக்கு மேலே வைத்தாள். அசோக் ராஜகோபாலன் எழுதின, யானைக்குச் சளி பிடித்த கதை.

"நீங்க இதைப் படிங்க தாத்தா. கடைசிப் பக்கம் பாத்துட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகல."