நூறு மார்க் ஒயினும் நாள்கூலியும்

பெரிய அறை. மேஜைமீது வெள்ளைத் துணி. அதன்மேல் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு விரற்கடை அளவு ஒயின், அதாவது திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து எடுத்த மது. சுற்றிலும் கனவான்கள். ஒருவர் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். சுழற்றுகிறார். மூக்கை உள்ளே விட்டு முகருகிறார். ஒரு வாய் எடுத்து வாய்க்குள்ளேயே புரட்டுகிறார். விழுங்கப்போகிறார் என்று நாம் நினைத்தால், பக்கத்திலிருக்கும் வாளியில் துப்பிவிடுகிறார்! பிறகு நோட்டை எடுத்து எழுதுகிறார்: பழ வாசம், கொஞ்சம் புகையிலை, கொஞ்சம் ஈர மண், மார்க் 94.

அவர் வாளியில் துப்பிய அந்த ஒரு வாயின் விலை, நமது வயல்களில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடும் பெண்ணின் கூலியைவிட அதிகம் என்று சொல்லத்தக்க புட்டிகள் உலகில் உண்டு.

சீமான்களின் பொழுதுபோக்கு நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கூலியைச் சாராயக் கடையில் பறிகொடுத்துக் குடும்பங்கள் அழிவதைக் கண்ணால் பார்க்கிறவர்கள் நாம். குடிக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. ஆனால் ஒரு பண்டத்துக்கு யாரோ ஒருவர் தரம் சொல்வதும், அந்தத் தரத்தின் பேரில் விலை ஏறுவதும், ஏறிய விலை யார் பைக்குப் போகிறது என்பதும் மில்லிலும் வயலிலும் உழைக்கிறவர்களுக்கு அன்னியமான விஷயங்கள் அல்ல. மூட்டையைப் பிரித்து ஒரு பிடி பஞ்சை இழுத்துப் பார்த்து வியாபாரி உதிர்க்கும் ஒரு வார்த்தையில், ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்புக்கு விலை தீர்ந்துபோவதை நாம் அறிவோம்.

இந்த மார்க் எப்படிப் போடப்படுகிறது? அமெரிக்காவில் மேரிலாண்ட் மாகாணத்தைச் சேர்ந்த ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீல் 1978-ல் ஒயினுக்கென்று ஒரு பத்திரிகை துவக்கினார். பள்ளிக்கூடப் பரீட்சை போல நூறு மார்க் முறையைப் புகுத்தினார். அதிலே ஒரு வேடிக்கை. எந்த ஒயினாக இருந்தாலும் எடுத்த எடுப்பில் 50 மார்க். நிறத்துக்கு 5 வரை, வாசனைக்கு 15 வரை, ருசிக்கு 20 வரை, மொத்தத் தரத்துக்கும் நாள்பட நிற்கும் சக்திக்கும் 10 வரை. 90-க்கு மேல் வாங்கிய புட்டி கடையில் நிற்காது. 100 வாங்கிவிட்டால் விலை விண்ணைத் தொடும். பார்க்கர் விளம்பரம் வாங்காமல் பத்திரிகை நடத்தியவர். அவருடைய நேர்மையைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. அவருடைய மூக்கைப் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷூர் செய்திருந்தார்கள் என்பதையும் சொல்லிவைப்போம். திராட்சை பறிக்கிறவனின் முதுகெலும்பை அப்படி யாரும் இன்ஷூர் செய்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பார்க்கர் 2019-ல் ஓய்வு பெற்றுவிட்டார். நூறு மார்க் முறை ஓய்வு பெறவில்லை.

ருசி என்பதே பொய், எல்லாம் பகட்டு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது நமக்கே விரோதமாக முடியும். மிக்சிங்கில் இருபது வருஷம் நின்ற தொழிலாளி, பஞ்சைத் தொட்ட மாத்திரத்தில் இது எந்த ரகம், எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவார். ஒரு பிடி மண்ணை நசுக்கிப் பார்த்து உழவுக்குப் பதமா இல்லையா என்று சொல்லும் கிழவரை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். புலன்கள் பழகப் பழகக் கூர்மையடைகின்றன. குளிர்காலத்தில் ஒவ்வொரு கொடியாகக் கவாத்துச் செய்கிறவருக்கும், நிலவறையில் பீப்பாய் உருட்டுகிறவருக்கும் ஒயினைப் பற்றிய ஞானம் இல்லாமலா இருக்கும்? ஒரே ஊரில், ஒரே கொடியில், மழை பெய்த வருஷத்துப் பழமும் வெயில் காய்ந்த வருஷத்துப் பழமும் வேறு வேறு ருசி தருவது இயற்கை. அதைக் கண்டு ரசிப்பது மனிதனுக்குரிய இன்பம். நமது ஆட்சேபணை அந்த இன்பத்தின்மீது அல்ல, அந்த மார்க்கின்மீது.

ஏனென்றால் இந்தத் தரவரிசை பிறந்ததே ருசியிலிருந்து அல்ல. 1855-ல் பாரிஸ் நகரில் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் காலம். போர்தோ பிரதேசத்தின் ஒயின்களைத் தரம் பிரித்துக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. யார் பிரித்தது? தரகர்கள். எப்படிப் பிரித்தார்கள்? அதற்காக ருசிப் போட்டி ஏதும் நடத்தவில்லை. பல வருஷங்களாக எந்தத் தோட்டத்து ஒயின் என்ன விலைக்குப் போயிற்று என்ற கணக்கைப் பார்த்தார்கள். அதிக விலைக்கு விற்றது முதல் தரம், அடுத்தது இரண்டாம் தரம், இப்படி ஐந்து தரம். லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்ற நான்கும் முதல் தரம். விலை அதிகம் என்பதால் உயர்ந்த ஒயின் என்றார்கள். பிறகு, உயர்ந்த ஒயின் என்பதால் விலை அதிகம் என்றார்கள்! இந்தப் பட்டியல் இன்றைக்கும் அமுலில் இருக்கிறது. மேல் தரத்துக்கு ஏறியது ஒரே ஒரு தோட்டம். 1973-ல் மூத்தோன்-ரோத்ஷீல்ட் இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு உயர்ந்தது. ரோத்ஷீல்ட் என்ற பெயர் எந்த வர்த்தகத்துக்குப் பேர் போனது என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பட்டியல் ஆட்டம் கண்ட நாளும் வந்தது. 1976 மே 24-ம் தேதி, பாரிசில் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி ஒரு ருசிப் பரீட்சை நடத்தினார். பிரெஞ்சு நிபுணர்கள் ஒன்பது பேர் நீதிபதிகள். புட்டியின் சீட்டை மறைத்து ஊற்றினார்கள். சிவப்பிலும் வெள்ளையிலும் முதலிடம் பிடித்தவை கலிபோர்னியா ஒயின்கள்! முடிவு தெரிந்ததும் ஒரு நீதிபதி தன் மார்க் சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். சீட்டு மறைந்தால் மகிமையும் மறைகிறது.

விஞ்ஞானிகள் இதை விடவில்லை. 2001-ல் போர்தோவில் ஒயின் சாஸ்திரம் படிக்கும் மாணவர்கள் 54 பேரை வைத்து ஒரு சோதனை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளையே அதற்கும் சொன்னார்கள். அதாவது கண் பார்த்ததை மூக்கு முகர்ந்தது.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், சிறிய அளவில் ஒயின் தயாரிப்பவர். தமது ஒயின் ஒரு போட்டியில் தங்கப் பதக்கம் வாங்குவதும் இன்னொரு போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்புவதும் அவருக்குப் புரியவில்லை. மாகாணக் கண்காட்சிப் போட்டியில் நிர்வாகத்தின் சம்மதத்தோடு ஒரு காரியம் செய்தார். ஒரே புட்டியிலிருந்து எடுத்த ஒயினை மற்றவற்றோடு கலந்து, ஒரே நீதிபதிக்கு மூன்று முறை ஊற்றச் செய்தார். 2008-ல் முடிவை வெளியிட்டார். ஒரு முறை 90 போட்டவர் அடுத்த முறை 86 போடுவார், இன்னொரு முறை 94 போடுவார். ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒரே தரத்தில் நின்றார். அந்த நாலு மார்க்கில்தானே பதக்கமும் விலையும் தொங்குகின்றன!

அதே 2008-ல் இன்னொரு சோதனை. இருபது பேருக்கு ஒரே ஒயினைக் கொடுத்து, ஒரு முறை 10 டாலர் என்றும் ஒரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்று சொன்னபோது அதிகம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். மூளையைப் படம் பிடித்துப் பார்த்தால், இன்பத்தை உணரும் பகுதியும் அதிகமாகவே வேலை செய்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. விலையைத்தான் ருசித்தார்கள். நாம் இதைப் பரிகாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பணம் மனிதனின் நாக்குக்குள் வரை புகுந்துவிட்டது என்றால் அது சிரித்துவிட்டுப் போகும் சங்கதியா?

இந்தச் சங்கதியை நன்றாகப் புரிந்துகொண்டவன் ஒருவன் இருந்தான். ரூடி குர்னியாவன் என்ற பேர்வழி கலிபோர்னியாவில் தன் வீட்டிலேயே மலிவு ஒயின்களைக் கலந்து, பழைய புட்டியில் ஊற்றி, பழைய சீட்டு ஒட்டி விற்றான். தனவந்தர்கள் ஏலத்தில் லட்சக்கணக்கான டாலர் கொட்டி வாங்கினார்கள். 2013-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2014-ல் பத்து வருஷத் தண்டனை கிடைத்தது.

இனி கணக்குக்கு வருவோம். போர்தோவில் அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே நிபுணர்கள் வந்து ருசி பார்ப்பார்கள். மார்க் வெளிவந்த பிறகே தோட்ட முதலாளிகள் விலையை அறிவிப்பது வழக்கமாக இருந்தது. 2003-ல் பார்க்கர் அந்தச் சமயத்தில் வரவில்லை. அவர் மார்க் தெரியாமலே விலை வைக்க நேர்ந்தது. பிரான்சின் பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் மூவர் அந்த வருஷத்தையும் மற்ற வருஷத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, பார்க்கரின் மார்க்கினால் மட்டும் ஒரு புட்டிக்குச் சராசரி 2.80 யூரோ விலை ஏறுகிறது என்று கண்டார்கள்.

ஒரு புட்டிக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ திராட்சை வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளில் 300 கிலோ பறிப்பதாக வைத்துக்கொள்வோம். 240 புட்டி. 2.80 வீதம் 672 யூரோ. அப்போது பிரான்சில் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏறக்குறைய 7 யூரோ. எட்டு மணி நேரத்துக்கு 56. ஆக, ஒரு மனிதர் முகர்ந்து எழுதிய எண்ணுக்காகக் கிடைத்த உபரி மட்டும், அந்த நாள் பறித்த கைக்குப் பன்னிரண்டு நாள் கூலி! மார்க் ஏறியதற்காக எந்தத் தோட்டத்திலாவது கூலி ஏறியதா?

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். கேப் பிரதேசத்தில் 1659 முதல் ஒயின் எடுக்கிறார்கள். அங்கே 'டாப்' என்று ஒரு முறை இருந்தது. கூலியில் ஒரு பகுதியைக் காசாகத் தராமல், மட்ட ஒயினாகவே ஊற்றிக் கொடுப்பது. காலையில் ஒரு கோப்பை, மதியம் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை. நல்ல ஒயின் கப்பலேறிச் சீமைக்குப் போகும்; கழிவு ஒயின் அதைச் செய்தவனின் வயிற்றுக்குள் போகும். 1960-களில் சட்டம் தடை செய்தது. ஆனாலும் பல தோட்டங்களில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகக் கணக்கிடப்பட்ட இடங்களில் இந்தத் திராட்சைப் பிரதேசமும் ஒன்று. ருசி பார்க்கும் கனவான் துப்புவதற்கு வாளி வைத்தார்கள். அந்தத் தாய்மார்களுக்கு யார் வாளி வைத்தார்கள்?

2011-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற ஸ்தாபனம் அங்குள்ள பழத் தோட்டங்களையும் ஒயின் தோட்டங்களையும் பற்றி அறிக்கை வெளியிட்டது. குடியிருக்க லாயக்கற்ற வீடு, பாதுகாப்பில்லாமல் பூச்சி மருந்து, வேலையிடத்தில் கக்கூசும் குடிதண்ணீரும் இல்லை. அடுத்த வருஷம் டி டூர்ன்ஸ் என்ற ஊரில், சாப்பிடும் திராட்சை விளையும் தோட்டங்களில் வேலை நிறுத்தம் வெடித்தது. சட்டக் கூலி நாளொன்றுக்கு 69 ராண்ட். தொழிலாளர் கேட்டது 150. சங்கம் என்று பெரிதாக எதுவும் இல்லாத இடத்தில், பெரும்பாலும் பருவ வேலைக்கு வரும் ஆண்களும் பெண்களும் சாலையை மறித்து நின்றார்கள். ஒயின் விளையும் ஊர்களுக்கும் போராட்டம் பரவியது. போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது, உயிர்களும் பலியாயின. 2013 மார்ச் முதல் கூலி 105 ராண்ட் ஆயிற்று. ஒரே தாவலில் பாதிக்கு மேல் உயர்வு! அதைக் கொடுக்க வைத்தது எந்த நிபுணரின் மார்க்கும் அல்ல.

பணக்கார நாட்டில் இப்படி நடக்காது என்று எண்ணவேண்டாம். ஷாம்பேன் என்பது ஒயின்களில் கல்யாண மாப்பிள்ளை. அந்தப் பிரதேசத்தில் திராட்சையைக் கையால்தான் பறிக்கவேண்டும், இயந்திரம் கூடாது என்பது விதி. குலை நசுங்கக்கூடாது, அவ்வளவு கரிசனம். 2023 செப்டம்பரில் கடும் வெயிலில் அறுவடை நடந்தது. பறித்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். அதே அறுவடையில் நெல்-லெ-ரெப்போன் என்ற கிராமத்தில் அதிகாரிகள் ஒரு வீட்டைச் சோதித்தபோது, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட கூலியாட்களை மனிதர் வாழத் தகாத நிலையில் அடைத்து வைத்திருந்தது தெரிந்தது. 2025 ஜூலையில் ஷாலோன் நகர நீதிமன்றம் மூன்று பேரை மனித வியாபாரக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆட்களைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்குத் தண்டனை. அவர்கள் பறித்த பழமோ பிழியும் ஆலைக்குப் போய்விட்டது.

ரசிகர்களை நாம் விரோதிகளாகக் கருதவில்லை. எந்தச் சரிவில் விளைந்தது, மண்ணில் எவ்வளவு சுண்ணாம்பு, பீப்பாய் எந்தக் காட்டு மரம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவர்கள் அவர்கள். பறித்தவருக்கு மணிக்கு எவ்வளவு, எங்கே படுத்துறங்கினார் என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்க அவர்களால் முடியாதா? தென்னாப்பிரிக்காவில் 2012 முதல், வேலை நிலைமையைச் சோதித்துப் புட்டியில் முத்திரை ஒட்டும் ஒரு முறை நடக்கிறது. அதில் குறைகள் இருக்கலாம். அந்த ஐம்பது மார்க் இருக்கிறதே, எந்த ஒயினுக்கும் இலவசமாகப் போடுகிற ஐம்பது, அதைக் கூலிக் கணக்கைப் பார்த்த பிறகு போட்டால் என்ன என்று நாம் கேட்கிறோம்.

வருஷம் குறித்த ஷாம்பேனைப் புட்டியில் அடைத்த பின் மூன்று வருஷமாவது நிலவறையில் வைக்கவேண்டும் என்பது அங்குள்ள சட்டம். அதனால் 2023-ம் வருஷத்து ஷாம்பேன் 2027-க்கு முன்பு ருசி பார்க்கும் மேஜைக்கு வராது. வரும்போது அதற்கு என்ன மார்க் போடுகிறார்கள் என்று நாம் கவனித்துக்கொண்டிருப்போம்.