கவளமும் காலடியும்

புறநானூற்றின் 184ஆம் பாடலை முதுகலை வகுப்புகளில் ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரை அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலம்கூட யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதி. 2019 ஜூலை 5 அன்று நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இப்பாடலை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தபோது, தமிழ் படித்த நாமெல்லாம் பூரித்துப் போனோம்.

அந்தப் பூரிப்பில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. இன்று அந்த வயல் எது?

நெல்லையில் இருப்பவர்கள் விடை தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த ரத வீதிகளிலும் பாளையங்கோட்டையின் கடைத்தெருக்களிலும், சிறிய இடத்தை வாடகைக்குப் பிடித்துப் பாத்திரமும் துணியும் எழுதுபொருளும் விற்றுப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர். இத்தகையோருக்கென ஜி.எஸ்.டி.யில் ஏற்படுத்தப்பட்டதே 'காம்போசிஷன்' என வணிகர்கள் வழங்கும் இணக்க வரித் திட்டம். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு உட்பட்ட கடைக்காரர் அதில் 1 விழுக்காட்டை வரியாகக் கட்டினால் போதும். ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியே வாங்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

2024 செப்டம்பர் 9 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் ஒரு பரிந்துரை செய்தது. வரிப் பதிவு இல்லாத கட்டட உரிமையாளரிடம் பதிவு பெற்ற வணிகர் கடை எடுத்திருந்தால், வாடகைக்குரிய 18 விழுக்காடு வரியை வாடகைக்காரரே செலுத்த வேண்டும் என்பது அதன் சாரம். அக்டோபர் 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 50 லட்ச ரூபாய்க்கு விற்கும் கடைக்கு இணக்க வரி 50,000 ரூபாய். மாத வாடகை 15,000 என்றால் அதன்மேல் விழும் புதிய வரி மாதம் 2,700. ஆண்டுக்கு 32,400 ரூபாய். விற்பனை ஒரு ரூபாய்கூட உயராமல் வரிச்சுமை மட்டும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது.

அரசின் தரப்பில் நியாயமே இல்லை என்று நாம் வாதிடவில்லை. வரிச் சங்கிலியில் சேராமல் நழுவும் வாடகையை உள்ளே கொண்டுவர வேண்டும் என்ற நோக்கம் தவறானதன்று. சாதாரண முறையில் வரி கட்டும் பெரிய கடை, வாடகைக்குக் கட்டியதைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும். கழிக்க வழியில்லாதவருக்கும் அதே விதியை விதித்ததுதான் பிழை. யானை வேண்டுமென்றே மிதிப்பதில்லை. அதன் கால் பெரியது, அவ்வளவே.

அந்த மன்றம் கூடிய மறுநாள், 2024 செப்டம்பர் 10 அன்று, வணிகர் தலைவர் த. வெள்ளையன் மறைந்தார். திருச்செந்தூரை அடுத்த பிச்சிவிளைக்காரர். சிறுகடைகளின் குரலாக நாற்பதாண்டுக் காலம் ஒலித்தவர். அவர் இல்லாத அந்த மாதங்களில் தமிழக வணிகர் அமைப்புகள் வீதிக்கு வந்தன. டிசம்பர் 21 அன்று ஜெய்சால்மரில் கூடிய மன்றம் இணக்க வரி செலுத்துவோருக்கு விலக்களிக்க இசைந்தது. 2025 ஜனவரி 16 அன்று அறிவிக்கை வெளிவந்தது. வரியே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. தாங்கும் அளவில் கேளுங்கள் என்றார்கள். பிசிராந்தையார் சொன்னதும் அதுவே அன்றோ?

ஆயினும் ஓர் அநீதி எஞ்சி நிற்கிறது. இடைப்பட்ட மூன்று மாதக் காலத்தை 'உள்ளது உள்ளபடி' முறைப்படுத்தினார்கள். கட்டாதவர் இனிக் கட்ட வேண்டியதில்லை. கட்டியவருக்கோ பணம் திரும்புவதில்லை. விதி வந்த உடனே பணிந்து கட்டியவருக்குக் கிடைத்த பரிசு இது! அத்தொகையைத் திருப்பித் தருவதே முறை.

வணிகர்களிடம் சொல்லவும் நமக்கு ஒன்று உண்டு. நியாயம் கேட்பவர் பில் போட்டு விற்க வேண்டும். கடை ஊழியர் அமர இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகம் இயற்றிய சட்டத்தையும் மனமுவந்து நிறைவேற்ற வேண்டும்.

நம்மிடம் நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதோ இன்னும் கடினமானது. வணிகர்கள் தெருவில் நின்ற நாட்களில், பாடலை உரையோடு அறிந்த நாம் என்ன செய்தோம்? தேர்வுக்கு வினா எடுத்தோம். மத்திய வரி அறிவிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வெளிவருகின்றன. அவற்றின் பொருள் அறியக் கடைக்காரர் கணக்கரை நாடிக் கட்டணம் கொடுக்கிறார். நல்ல கணக்கர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவ்விதிகளை எளிய தமிழில் எழுதித் தருவது தமிழாசிரியர்களுக்கு இயலாத பணியா என்ன? அறிவுடை நம்பிக்குப் புலவர் சொன்னது அவனுக்கு விளங்கும் மொழியில்தான். வரி கட்டுகிறவருக்கும் அந்த மரியாதை கிடைக்கட்டும். முதல் துண்டறிக்கையை நம் ரத வீதிகளிலிருந்தே தொடங்கலாம்.