தங்கச்சி, உங்கட டேட்டாவில பிழை இல்லை

"நெட் ஸ்லோவா இருந்திருக்கும், தங்கச்சி." போன மாதம் ஓர் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பித்த முதலாம் வருடப் பிள்ளை ஒருத்திக்குக் கிடைத்த பதில் இது. அமைப்பின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். கடைசி நாள் இரவு எட்டு மணிக்குப் படிவத்தை அனுப்பினாள். அரை நிமிசம் சுத்திச்சுது, பிறகு டைம்அவுட். திரும்ப அழுத்தினாள், அதே கதை. அந்த நேரம் அதே போனில் வட்ஸ்அப்பில படம் போய்க்கொண்டுதான் இருந்தது.

கிராமத்துப் பிள்ளை, ஓட்டைச் சிக்னல், கடைசி நேரச் சோம்பல். இதில ஒண்டைச் சொன்னால் போதும், எங்கட ஆக்கள் நம்பிவிடுவினம். நானும் முதல்ல நம்பினேன். கலைப்பீடம்தானே, எனக்கென்ன தெரியும்? பிறகு அந்தத் தளத்தைச் செய்த குழுவில இருந்த நண்பன் ஒருத்தன் லொக்கைத் திறந்து காட்டினான்.

சேர்வர்லெஸ் எண்டால் சேவையகமே இல்லை எண்டு அர்த்தமில்லை. அது வேறொருத்தரின் பொறுப்பில் இருக்கிறது, அவ்வளவுதான். அமேசனின் லாம்டாவில் கூட்டம் வந்தால் உங்கள் நிரலின் நகல்கள் தானாகப் பெருகும். ஒரு நகல் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். வழக்கமான உச்சவரம்பு 1000 நகல்கள். பின்னால் இருக்கிற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ, நாங்கள் மாற்றாவிட்டால், 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். இந்தக் கணக்கை ஒருத்தரும் போட்டுப் பார்க்கேல்ல.

அதைவிட மோசம், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதுசா ஓர் இணைப்பைத் திறந்து, மூடாமல் விட்டிருக்கினம். பதில் அனுப்பி முடித்த நகல் இணைப்பைப் பிடித்தபடியே உறைந்து கிடக்கும். சாப்பிட்டு முடிச்சும் கன்ரீன் கதிரையை விடாமல் நித்திரை கொள்ளுற சீனியர் அண்ணாமார் மாதிரி. நூறும் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் உடனேயே இடமில்லை எண்டு சொல்லும். லொக்கில் அந்த வரி வரிசையாகக் கிடந்தது. நிரல் அதை விழுங்கிவிட்டுத் திரும்பத் திரும்பக் கதவைத் தட்டியிருக்கு. பிள்ளைக்குத் தெரிந்தது டைம்அவுட் மட்டும்.

காலையில் ஒழுங்காக ஓடி, கூட்டம் வந்த இரவில் மட்டும் விழுந்தால் இணைப்பு எண்ணிக்கையைத்தான் முதலில் சந்தேகிக்கவேணும். தொடக்கத்திலிருந்தே ஒருத்தருக்கும் வேலை செய்யாவிட்டால் ஃபயர்வோல், 5432 போர்ட் எண்டு தேடலாம். இரண்டிலும் பிள்ளையின் டேட்டாவுக்கு என்ன வேலை?

அண்டு பின்னேரமே முறைப்பாடு வரத் தொடங்கியிருக்கு. குழு செய்த 'திருத்தம்' லாம்டாவின் நேர வரம்பை 15 நிமிடமாக்கியது. அதுக்கு மேல கூட்ட ஏலாது, இல்லாட்டி கூட்டியிருப்பினம். முன்னால் நிற்கிற ஏபிஐ கேற்வே வழக்கமாக 29 செக்கனில் கையை விரித்துவிடும். உள்ளே நிரல் ஓடிக்கொண்டே இருக்கும், காத்திருக்கிற நகல்கள் குவியும், காத்திருந்த நேரத்துக்கும் பில் வரும். அதோட, வெளியே தோல்வி எண்டு காட்டிய பிறகும் உள்ளே விண்ணப்பம் பதிவாகலாம். அவளுக்கு இரண்டு தரமும் பதிவாகியிருக்கு. இரட்டை விண்ணப்பம் எண்டு நிராகரிச்சிட்டினம்.

செய்யவேண்டியது பெரிய வித்தையில்லை. ஒவ்வொரு நகலும் இணைப்பை ஒருக்காத் திறந்து அதையே திரும்பப் பாவிக்கலாம். ஒரே நேரத்தில் ஓடும் நகல்களுக்கு வரம்பு வைக்கலாம். இணைப்புகளைப் பங்கிட நடுவில் பிஜிபவுன்சரைப் போடலாம், அது இலவசம். அமேசனே இதுக்கெண்டு 2020இல் ஆர்டிஎஸ் புரொக்ஸியை வெளியிட்டது. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தனி இலக்கம் குடுத்திருந்தால் பத்துத்தரம் அழுத்தினாலும் ஒரு பதிவுதான் விழும்.

காசு வாங்காமல் செய்த பிள்ளைகள், பாவம், விடுங்கோ எண்டு ஒரு அண்ணா சொன்னார். பிழை விட்டதுக்கு நான் கோபிக்கேல்ல. லொக்கைப் பார்த்த பிறகும் பழியைத் தங்கச்சியின் சிம் கார்டில போட்டினம், அதுக்குத்தான்.

அந்த லொக்கை இணைத்து, அன்றிரவு முயன்ற எல்லாருக்கும் படிவத்தைத் திரும்பத் திறக்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். உங்களுக்கும் அண்டைக்கு டைம்அவுட் வந்திருந்தால், நேரத்தோட ஸ்கிரீன்ஷொட்டை அனுப்புங்கோ.