விளக்கணைத்தலும் வேலைமறுத்தலும்

அலுவலக விளக்கை அணைப்பதும் தாளின் இருபுறமும் எழுதுவதுமே சூழல் பேணலில் ஊழியன் ஆற்றத்தக்க பணி என்று இன்று போதிக்கப்படுகின்றது. நிருவாகத்தின் செலவைக் குறைக்கும் இச்சிக்கனத்தை எவரும் வெறுக்கவேண்டியதில்லை. ஆயின், ஊழியனின் கடமையை இவ்வளவில் ஒடுக்குவதன் உட்கிடை யாது? எதைக் கட்டுவது, எதை அழிப்பது என்னும் தீர்மானம் அவனுக்குரியதன்று என்பதே.

இதனை ஏற்க மறுத்தோர் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலக் கட்டிடத் தொழிலாளர். 1971 இல் சிட்னி நகரில் எஞ்சியிருந்த 'கெலிஸ் புஷ்' என்னும் சிறு காட்டை அழித்து ஆடம்பர வீடுகள் எழவிருந்தன. எதிர்த்துப் போராடிய அயற்பெண்கள், அரசிடம் முறையிட்டுப் பயன் காணாது, தொழிற்சங்கத்தை நாடினர். ஜாக் மண்டேயைச் செயலாளராகக் கொண்ட சங்கம் அங்கு வேலைசெய்ய மறுத்தது. சங்கஞ்சாராதோரைக் கொண்டு கட்டுவோம் என நிறுவனம் வீம்பு பேசிற்று. உடனே, அதன் வேறொரு கட்டிடத்தில் பணியாற்றியோர், காட்டில் ஒரு மரம் வீழினும் இக்கட்டிடம் என்றும் அரைகுறையாகவே நிற்கும் என அறிவித்தனர். நிறுவனம் பணிந்தது. 1974 ஆம் ஆண்டளவில் இத்தகைய 'பசுமைத் தடை'கள் 40 இற்கும் மேற்பட்டன.

சூழல் வயிறு நிறைந்தோரின் கவலை என்பாருக்கு (நம் இடதுசாரிகளிடையேயும் இவர்கள் உளர்) இது எங்ஙனம் விளங்கும்? கட்டிடம் எழுந்தாலன்றிக் கூலி காணாதவரன்றோ வேலையை மறுத்தனர்!

1975 இல் அச்சங்கத்தின் மத்திய தலைமையே மாநிலக் கிளையைக் கைப்பற்றி, மண்டே முதலானோரை வெளியேற்றியது. அதனைக் காட்டித் தோல்வி என எள்ளுவோர் கெலிஸ் புஷ்ஷைச் சென்று காணட்டும். அது இன்றும் பொதுமக்களின் காடாகவே உள்ளது.