நட்சத்திரக் குறி போட்ட வினைச்சொல்

தாம்பரத்தில் பீச் வண்டி ஏறினால் பல்லாவரம் வருவதற்குள் ஒரு மொழி ஆராய்ச்சி முடிந்துவிடும். "நம்ம செய்யைத்தான் கன்னடத்துக்காரன் கெய் என்று கெடுத்துவிட்டான்" என்பார் ஒருவர். எதிர் சீட்டுக்காரர் தலையாட்டுவார். ஆச்சு, தீர்ப்பு!

சரி, கணக்கைப் பார்ப்போம். தமிழில் செய், பழங்கன்னடத்தில் கெய். செவிக்கு அங்கே கிவி, சீழுக்குக் கீவு. சகரம்தான் மூலம், கன்னடம் திரித்தது என்றால் நம் 'சேர்' அங்கே 'கேர்' ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. சேரு என்றே இருக்கிறது. சீழை மாற்று, சேரை விட்டுவிடு என்று கன்னடத்துக்காரனுக்கு யார் காதில் சொன்னது? அந்த வேறுபாடு முன்பே இருந்தது, தமிழில்தான் அழிந்தது என்பதே நேரான பதில்.

இ, எ முன்னால் வந்த ககரம் தமிழில் சகரமானது. பின்னால் ட, ள, ழ போல நாக்கை மடிக்கும் ஒலி இருந்தால் மட்டும் தப்பித்தது: கெடு, கேள், கிளி, கீழ். தெலுங்கு அந்தத் தடையையும் மதிக்கவில்லை, அங்கே கெடு 'செடு' ஆகிவிட்டது. (கெஞ்சு மாதிரி சில சொற்கள் முரண்டு பிடிக்கும். அதற்காக விதியையே தூக்கிப்போட முடியாது.) ஜெர்மனில் முகவாய்க்கட்டை 'கின்', ஆங்கிலத்தில் 'சின்'. அங்கேயும் இதே கதைதான். ஜெர்மன்காரன் ஆங்கிலத்தைக் கெடுத்தான் என்று லண்டன் ரயிலில் யாரும் ஜல்லியடிப்பதாகத் தெரியவில்லை.

எழுத்துச் சான்றில் தமிழே மூத்தது, சண்டை அதில் இல்லை. மூத்த பிள்ளை என்பதற்காக வீட்டுச் சாமான் எல்லாம் அவனிடமே பத்திரமாக இருக்கும் என்று யார் சொன்னது?

அடுத்த கட்சி, "மூலத் திராவிடமே வெள்ளைக்காரன் கற்பனை" என்பவர்கள். அந்த மொழியில் படிக்கக்கூடிய ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அதனால்தான் 'கெய்' என்ற மூல வினைக்கு முன்னால் நட்சத்திரக் குறி போடுகிறார்கள். பார்த்ததல்ல, ஊகித்தது என்று ஒப்புக்கொள்ளும் அடையாளம் அது. பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் ஊகித்த வடிவமே கொடுக்கவில்லை, இனச்சொற்களை மட்டும் வரிசையாக அடுக்கினார்கள். தெலுங்கு வினையடிகளை ஆராய்ந்து அதே 1961-ல் நூல் எழுதிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி வெள்ளைக்காரரும் இல்லை. பேலன்ஸ் டேலி ஆகாதபோது சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று பெயர் போட்டு எழுதுகிறவன் திருடன் இல்லை. இல்லாத பில்லை நுழைக்கிறவன்தான் திருடன்.

பல்லாவரத்துப் பண்டிதர்கள், சேர்தல் என்ற பொருளில் கன்னடத்தில் ஒரே ஒரு 'கேர்' காட்டட்டும். பிறகு பேசலாம்.